ஏர்பேக் மூடியில் ஒட்டிய சிலை

1. ரெக்கவரி வண்டியில் வந்த கார்

அந்தக் கார் என் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தபோது காலை பதினோரு மணி இருக்கும். ரெக்கவரி வண்டியிலிருந்து இறக்குவதற்குள் முன்பக்கத்தைப் பார்த்துவிட்டேன். பம்பர் உடைந்து, பானெட் மடங்கி, ரேடியேட்டர் பின்னால் தள்ளப்பட்டிருந்தது. இன்ஜின் இருந்த இடத்திலேயே இருந்தது. முன்சக்கரங்கள் நேராக நின்றன. நான்கு கதவுகளும் சிரமமில்லாமல் திறந்து மூடின. முப்பத்தைந்து வருடம் அடிபட்ட வண்டிகளோடு பழகியவன் நான். நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் மோதிய வண்டி இது என்று சொல்ல எனக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை.

பிறகு இடது முன்கதவைத் திறந்தேன். சீட்டெல்லாம் ரத்தம்.

பயணி பக்கத்து ஏர்பேக் வெளியே தொங்கியது. அதன் மூடி மடிந்து திறந்திருக்க வேண்டும். இது பிய்ந்திருந்தது. உள்ளங்கை அளவுக்கு ஒரு துண்டைக் காணோம். அது எதோடு போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். பின்பக்கம் போய் சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினேன். பித்தளை மாதா சிலை அகப்பட்டது. அதன் அடியில் கறுப்பு சீலன்ட் பசை, பசையோடு மூடியின் கிழிந்த தோல்.

அந்தச் சிலையை அங்கே ஒட்டியவன் நான். அதைத் துணியில் சுற்றி என் மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினேன். ஒர்க்‌ஷாப் வேலைக்கு வரும் இளைஞர்கள் இந்தக் குறிப்பைப் படிப்பார்கள் என்று எழுதுகிறேன். அவர்கள் என்னை மதிக்க வேண்டும் என்பதற்காக எழுதவில்லை.

2. ஆறு கார்கள், ஒரே பேச்சு

நான் ஆட்டோமொபைல் இன்ஜினியரிங் படித்தவன். காரைக்காலில் சொந்த ஒர்க்‌ஷாப் வைப்பதற்கு முன் சென்னையில் ஸ்வீடன் நாட்டுக் கார்களை விற்கும் டீலரிடம் சர்வீஸ் பிரிவில் ஏழு வருடம் இருந்தேன். கம்பெனியின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. நான் சொல்லவந்தது அவர்கள் செய்த தவறு இல்லை.

அங்கே பயிற்சி கொடுத்தவர் முதல் நாளே இரண்டு விஷயங்களைச் சொன்னார். தோளிலும் இடுப்பிலுமாக மூன்று இடத்தில் பிடிக்கும் சீட் பெல்ட்டை உருவாக்கியது இந்தக் கம்பெனி. உரிமையைப் பூட்டி வைத்துக்கொள்ளாமல், யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள் என்று எல்லாக் கம்பெனிக்கும் திறந்துவிட்டார்கள். இரண்டாவது, அவர்கள் ஊரில் தங்கள் கார் எங்கே மோதினாலும் ஆட்களை அனுப்புவார்கள். ரோட்டில் டயர் தடத்தை அளந்து, காரை அளந்து, உள்ளே இருந்தவர்களுக்கு எங்கே எப்படி அடிபட்டது என்று விசாரித்து எழுதி வைப்பார்கள். அடுத்த காரில் எதை மாற்றுவது என்று அந்தக் குறிப்புகளை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.

நான் காரைக்காலுக்கு வந்தபோது ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் அந்தக் கார் வைத்திருந்தவர்கள் ஆறு பேர். டீலர் சென்னையில். பார்ட்ஸ் வர மாதக்கணக்காகும். அதனால் சின்ன வேலை எல்லாம் என்னிடம்தான் வரும். ஆறு பேருக்கும் வாயில் ஒரே பேச்சு.

"கதவைச் சாத்துங்க இன்ஜினியர். அந்தச் சத்தத்தக் கேளுங்க. பேங்க் லாக்கர் மாதிரி இருக்குல்ல?"

"லாரி வந்து இடிச்சாலும் லாரிக்குத்தான் சேதம்."

அதிலே ஒருவர் டாக்டர். பெல்ட்டை முதலிலேயே மாட்டிவிட்டு அதன் மேல் உட்கார்ந்து ஓட்டுவார். அலாரம் கத்தாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. "இந்தக் காருக்கு பெல்ட் எதுக்குங்க? மாருதிக்காரன் போட்டுக்கட்டும்" என்பார். எலும்பு டாக்டர்.

எனக்கு இன்றும் இதை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. ஊருக்கெல்லாம் பெல்ட்டைக் கொடுத்த கம்பெனியின் காரை வாங்கி, அந்த பெல்ட்டின் மேலேயே உட்கார்ந்துகொண்டு, எனக்கு ஒன்றும் ஆகாது என்பவனை என்ன செய்வது? தாயத்து கட்டிக்கொள்வதைப் போல இவர்கள் கார் வாங்கினார்கள். தாயத்தின் விலைதான் கூட.

ஆனால் அவர்களைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. நான் அவர்களிடம் சிரித்துக்கொண்டே பில் போட்டேன்.

3. மடியில் விழுந்த மாதா

ஆறு பேரில், ஊரில் தலத்தெருவில் வீடு வைத்திருந்த அந்துவான் முசியேவும் ஒருவர். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு பென்சியோன் என்கிற ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவர். எங்கள் ஊரில் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்போம். காரை சென்னையில் செகண்ட் ஹேண்டில் வாங்கியிருந்தார். அவர் மனைவியை எல்லோரும் மதாம் என்றே கூப்பிடுவார்கள். பின்னால் உட்கார்ந்தால் மதாமுக்குத் தலை சுற்றும் என்பதால் முன்சீட்டில் இருப்பார். முசியே பின்னால். ஓட்டுவது கோட்டுச்சேரியைச் சேர்ந்த கலியமூர்த்தி.

மதாம் பிரான்ஸில் லூர்து நகருக்குப் போனபோது வாங்கி வந்தது அந்தப் பித்தளை மாதா சிலை. ஒரு சாண் உயரம், நல்ல கனம். ஜெபமாலை சொல்லும்போது கண்ணெதிரே இருக்க வேண்டும் என்று தன் சீட்டுக்கு நேராக டேஷ்போர்டில் வைத்திருந்தார். டபுள் டேப் அந்தக் கனத்தைத் தாங்கவில்லை.

"பிரேக் அடிக்கிறப்பல்லாம் மாதா எம்மடியில வந்து வுழுவுறாங்க தம்பி. பாவமா இருக்கு. நல்லா கெட்டியா ஒட்டிக் குடுங்க."

அது ஏர்பேக் மூடி, அங்கே எதையும் வைக்கக் கூடாது என்று சொன்னேன். அடுத்த முறை வந்தபோதும் சொன்னேன். நடுவில் வைத்துக் கொடுக்கிறேன் என்றேன். நடுவில் வைத்தால் வெயில் பட்டுக் கண் கூசுகிறது என்றார் மதாம்.

மூன்றாவது முறை முசியே கோபமாகவே வந்தார். "என்னங்க இன்ஜினியர், ஒரு சிலை ஒட்ட இவ்ளோ பிகுவா? ஏர்பேக் வெடிக்கிற அளவுக்கு இந்த வண்டில என்னா ஆவப்போவுது? அவன் கட்டியிருக்கிற கட்டுக்கு வண்டி தானா நிக்கும். உங்களால முடியலன்னா சொல்லுங்க, நாகப்பட்டினத்துல குடுத்துக்கிறேன்."

கலியமூர்த்தி டேஷ்போர்டு டிராயரிலிருந்து காரின் புத்தகத்தை எடுத்து வந்தார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. படம் பார்ப்பார். வண்டி வாங்கிய புதிதில் ஒவ்வொரு படமாகக் காட்டி என்னிடம் விளக்கம் கேட்டவர் அவர். ஆறு கார்களையும் ஓட்டியவர்களில் தவறாமல் பெல்ட் போட்ட ஒரே ஆளும் அவர்தான். ஒரு பக்கத்தைப் பிரித்து நீட்டினார்.

"சார், இந்தப் படத்துல இந்த எடத்துல பொருளு வச்சு, குறுக்க கோடு அடிச்சிருக்கு பாருங்க. வக்கக்கூடாதுன்னுதானே அர்த்தம்?"

முசியே அவரைத் திரும்பிப் பார்த்தார். "நீ எப்பலேர்ந்து இன்ஜினியர் ஆன?"

கலியமூர்த்தி என்னைப் பார்த்தார். நான் சொன்னது இது: "அதெல்லாம் கம்பெனிக்காரன் சும்மா போடுறதுப்பா. பொஸ்தகத்தக் கொண்டு போயி உள்ள வையி."

ஏன் அப்படிச் சொன்னேன்? ஆறு பேரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். ஒரு வாடிக்கையாளர் போனால் ஊரில் பேச்சாகிவிடும். அதைவிட, ஒரு டிரைவர் சொல்லி நான் கேட்டதாக ஆகிவிடக் கூடாது என்று இருந்தது. படித்தவனுக்கு வரும் நோய் அது.

ஒட்டுவது என்று முடிவு செய்தபின் வேலையில் குறை வைக்கவில்லை. முன்கண்ணாடியை பாடியோடு ஒட்டுவதற்கு ஒரு கறுப்பு சீலன்ட் உண்டு. கண்ணாடியை எடுக்க வேண்டுமென்றால் கம்பி போட்டு அறுக்க வேண்டும், அவ்வளவு பிடிப்பு. மேற்பரப்பைத் துடைத்து, பிரைமர் தடவி, அந்த சீலன்ட்டால் ஒட்டினேன். மூடி எந்தக் கோட்டில் பிளந்து திறக்க வேண்டுமோ, அந்தக் கோட்டின் மேலேயே சிலையின் அடிப்பாகம் உட்கார்ந்தது. ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு வண்டியைக் கொடுத்தேன். மதாம் சிலையை அசைத்துப் பார்த்துவிட்டு, "அசையலியே. மெர்சி தம்பி" என்று நன்றி சொன்னார்.

4. நான் கொடுத்த பதில்

தை அறுவடை முடிந்த சமயம். வேளாங்கண்ணிக்குக் கிளம்பியிருக்கிறார்கள். திருமலைராயன்பட்டினம் தாண்டி ரோட்டில் பாதி அகலத்துக்கு நெல் காயப்போட்டிருந்தது. ஓரத்தில் டிராக்டர் டிரெய்லர் நின்றது. நெல்லைத் துழாவிக்கொண்டிருந்த ஒரு பெண் பின்பக்கமாகவே ரோட்டின் நடுவுக்கு நகர்ந்துவிட்டார். கலியமூர்த்தி அவரைத் தவிர்க்க நெல் பக்கம் ஒடித்து பிரேக் போட்டார். நெல்லின் மேல் டயர் பிடிக்காது. கார் வழுக்கிக்கொண்டே போய் டிரெய்லரில் மோதியது.

நெல் துழாவிய பெண்ணுக்கு ஒன்றுமில்லை. பெல்ட் போட்டிருந்த கலியமூர்த்திக்குக் கையில் சிராய்ப்பு. தூங்கிக்கொண்டு வந்த முசியேவுக்கு முழங்காலில் வீக்கம். மதாமும் பெல்ட் போட்டிருந்தார். பெல்ட் அவரைப் பிடித்து நிறுத்தியது. ஏர்பேக்கும் நேரத்துக்கு வெடித்தது. கார் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தது. மூடி திறக்க முடியாமல் கிழிந்து, சிலையைப் பெயர்த்து அவர் முகத்தில் அடித்தது. வலது கண் போயிற்று. தாடையும் உடைந்தது.

ரோட்டில் காயப்போட்டதற்கு வழக்கு வரும் என்று பயந்து நெல்லுக்காரர்கள் அரை மணி நேரத்தில் நெல்லை வாரிக்கொண்டு போய்விட்டார்கள். வேகத்தைப் பற்றிச் சொல்ல ஆளில்லை.

மறுநாள் முசியே ஒரு சப்-இன்ஸ்பெக்டரோடு ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். கலியமூர்த்தியும் கூட வந்து ஓரமாக நின்றார். சட்டையில் முதல் நாள் ரத்தம் காய்ந்திருந்தது. வீட்டுக்கே போகவில்லை போல.

முசியே காரைத் தட்டினார். "உலகத்துலயே சேஃப்டியான வண்டி இது. இதுக்குள்ள ஒக்காந்தவளுக்கு மூஞ்சி இப்படி ஆயிருக்குன்னா இவன் என்னா வேகத்துல போயிருப்பான்? நூறு? நூத்திருபது? நான் கண்ண மூடுனது தப்பாப் போச்சு."

"நாப்பதுலதாங்க போனேன் முசியே. மதாம் ஜெபம் சொல்லிக்கிட்டு வந்தாங்க. ஜெபம் சொல்றப்ப நான் வேகமாப் போவ மாட்டேங்க, ஒங்களுக்கே தெரியும்."

"நாப்பதுல போனா இந்த வண்டில கண்ணு போவுமாடா?"

சப்-இன்ஸ்பெக்டர் என்னிடம் திரும்பினார். "சார், நீங்க இந்த வண்டிங்கள நல்லாத் தெரிஞ்சவரு. என்னா வேகம் இருக்கும்?"

சிலை இருந்த மேஜை டிராயரின் சாவி என் சட்டைப் பையில் இருந்தது. கலியமூர்த்தி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் உண்மையைச் சொல்வேன் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அந்தப் பார்வையில் அது தெரிந்தது.

நான் சொன்னேன்: "இந்தக் கார்ல இவ்வளவு அடிபடணும்னா வேகம் சுமாரா எம்பது, தொண்ணூறு இருந்திருக்கணும்."

ஏர்பேக் கன்ட்ரோல் யூனிட்டில் ஏதாவது பதிவாகியிருக்குமா, அனுப்பிப் பார்க்கலாமா என்றும் சப்-இன்ஸ்பெக்டர் கேட்டார். சென்னைக்கு அனுப்பியிருக்கலாம். "தேவையில்லீங்க, அதுல தெளிவா ஒண்ணும் வராது" என்றேன். அவர் எழுதிக்கொண்டார். அவர்மேல் தப்பில்லை. தெரிந்தவனிடம்தான் கேட்டார்.

முசியேவின் நம்பிக்கை எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்பதைப் பாருங்கள். கார் யாரையும் காயப்படுத்தாது, ஆகவே ஓட்டியவன்தான் குற்றவாளி. அந்தக் கணக்கில் சிலை என்று ஒன்று இல்லவே இல்லை. நான் அந்தக் கணக்குக்குக் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த வாரம் சிலையின் அடியிலிருந்த சீலன்ட்டைச் சுரண்டி, தின்னர் போட்டுத் துடைத்து, பாலிஷ் செய்து மருத்துவமனைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முகம் முழுக்கக் கட்டோடு மதாம் அதை வாங்கி நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

கலியமூர்த்தி குற்றத்தை ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்டால் அபராதத்தோடு போகும் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். அபராதத்தோடு போகவில்லை. லைசென்ஸை சஸ்பெண்ட் செய்தார்கள். திரும்பக் கிடைத்த பிறகும் மதாமின் கண்ணைப் பறித்த டிரைவரை இந்தச் சின்ன ஊரில் யாரும் வேலைக்கு வைக்கவில்லை.

அந்த மாதமே மற்ற ஐந்து கார்களில் இரண்டில் ஏர்பேக் மேல் ஒட்டியிருந்த பிள்ளையாரையும் ஒரு கடிகாரத்தையும், டேஷ்போர்டு வெளுத்துப்போகும் என்று பொய்க் காரணம் சொல்லி எடுத்துவிட்டேன். தெரியாமல் செய்த தவறு என்று என்னால் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

5. பட்டினச்சேரியில்

ஒர்க்‌ஷாப்பை விற்று ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. போன மாதம் மீன் வாங்க பட்டினச்சேரி போனேன். ஒருவர் ஐஸ் பெட்டிகளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார். கலியமூர்த்தி. ஐந்து வருடத்தில் பதினைந்து வருடம் மூத்திருந்தார். என்னைப் பார்த்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"நல்லா இருக்கீங்களா சார்? ஒடம்பு எளைச்சிட்டீங்க."

அந்த மரியாதையைத் தாங்க முடியவில்லை. அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். சிலை, டிராயர், தின்னர் எல்லாவற்றையும். நடுவில் வேன்காரர் கூப்பிட்டபோது கலியமூர்த்தி, "இருய்யா, ஐஸு ஓடியா போவப்போவுது" என்றார்.

முடித்ததும் கேட்டார். "அப்ப நான் நாப்பதுலதான் போனேனா சார்?"

"ஆமாம்."

"நெசமா?"

"வண்டியப் பாத்த உடனே எனக்குத் தெரிஞ்சிச்சு."

ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். "நானே நம்பிட்டேன் சார். இன்ஜினியரு சொல்றாரு, முசியே சொல்றாரு. மீட்டரச் சரியாப் பாக்கலியோ, எம்பதுதான் போனனோன்னு அஞ்சு வருசமா நெனச்சு நெனச்சு… எம் பொண்டாட்டிகிட்டகூட எம்பதுன்னுதான் சொல்லியிருக்கேன்." பிறகு நிமிர்ந்தார். இப்போது அந்தப் பழைய மரியாதை முகத்தில் இல்லை. "மீன் வாங்க வந்த எடத்துல எங்கிட்ட சொல்லிட்டுப் போயி நிம்மதியா சாப்புடலாம்னு பாத்தீங்களா? எங்கிட்ட சொல்லி என்னா? நடங்க தலத்தெருவுக்கு."

ஐஸ் தண்ணீரில் நனைந்த வேட்டியோடே என் ஸ்கூட்டரில் பின்னால் ஏறிக்கொண்டார்.

முசியே கதவைத் திறந்தார். வாசலில் நின்ற கலியமூர்த்தியைப் பார்த்ததும் முகம் இறுகியது. நான் உள்ளே போய்ச் சொன்னேன். பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார். "இப்ப வந்து சொல்றதால யாருக்கு என்னா லாபம்? போன கண்ணு வரப்போவுதா? அந்த வண்டில நாப்பதுல போனா இப்படி ஆவாது. நீங்களே சொன்னீங்க." உடைந்து போன காரின் மேல் அவருக்கு இன்னும் அவ்வளவு நம்பிக்கை.

மதாம் எழுந்து, சுவரோரம் மெழுகுவத்திக்குப் பக்கத்திலிருந்த சிலையை எடுத்தார். தலைகீழாகத் திருப்பி, அடிப்பாகத்தின் விளிம்பில் விரலை ஓட்டினார். ஒரு பள்ளத்தில் நகம் நின்றது. நெல்மணி அளவுக்குக் கறுப்பாக ஏதோ உதிர்ந்தது. என் தின்னர் அங்கே எட்டவில்லை.

"அவ்ளோ பெரிய அடியில ஒரு கீறல் இல்லாம வந்தாங்களேன்னு வர்றவங்ககிட்டல்லாம் காட்டுனேன் தம்பி" என்றார். "நல்லா தொடச்சிருக்கீங்க."

பிறகு வாசல் பக்கம் குரல் கொடுத்தார். "கலியமூர்த்தி, உள்ள வாப்பா. அன்னைக்கு ஜெபமாலைல ரெண்டாவது மணி சொல்லிக்கிட்டிருந்தேன். நீ மெதுவாத்தான் வந்த. எனக்குத் தெரியும். இவங்க எல்லாம் வேகம்னு சொன்னப்ப நான் வாயத் தொறக்கல."

"தாடையில கம்பி போட்டிருந்தாங்கம்மா" என்றார் கலியமூர்த்தி.

"கம்பி மூணு மாசத்துல எடுத்துட்டாங்கப்பா."



6. ஒரு சொல்

வேலைக்கு வரும் தம்பிகளுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். அந்த ஸ்வீடன்காரர்களின் கார் உறுதியானது என்பது இரும்பினால் வந்ததில்லை. மோதிய கார் எப்படி மோதியது, யார் எதனால் அடிபட்டார்கள் என்பதை, தங்களுக்குப் பாதகமாக இருந்தாலும், உள்ளபடி எழுதி வைத்ததால் வந்தது. அதே காரின் பக்கத்தில் நின்று நான் பொய்யை எழுத வைத்தேன். வாடிக்கையாளர் கேட்டார் என்று ஆபத்தான வேலையைச் செய்யாதீர்கள். செய்து தொலைத்தால் சொல்லிவிடுங்கள். அன்றே சொல்லுங்கள். ஐந்து வருடம் கழித்துச் சொல்லும் உண்மையை வைத்துக்கொண்டு ஒருவன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியவில்லை.

கலியமூர்த்திக்குத் தெரிந்திருந்தது. கையெழுத்துப் போட்டு எழுதித் தரச் சொன்னார். சப்-இன்ஸ்பெக்டரிடம் சொன்ன பொய்யைத் திரும்பப் பெறும் வாக்குமூலத்தை எழுதி, அவர் பார்த்துக்கொண்டிருக்க ஸ்டேஷனில் கொடுத்தேன். வக்கீல் ஒருவர் வழக்கைத் திரும்ப எடுக்க முடியுமா என்று பார்க்கிறார். என்மேல் வழக்கு வந்தால் வரட்டும்.

அந்த வாக்குமூலத்தைக் கொடுப்பதற்கு முன் கலியமூர்த்தியிடம் படித்துக் காட்டினேன். வேகம் சுமார் நாற்பது என்று எழுதியிருந்தேன். அந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

"அன்னைக்கும் சுமாருன்னுதான் சொன்னீங்க. அந்தச் சுமாருலதான் எங்குடும்பம் கெட்டுச்சு. வண்டியப் பாத்த ஒடனே தெரிஞ்சிச்சுன்னீங்கள்ல? தெரிஞ்சத எழுதுங்க."

அந்தச் சொல்லை அடித்துவிட்டு, நாற்பதைத் தாண்டவில்லை என்று எழுதினேன். அடித்த இடத்தின் பக்கத்திலும் ஒரு கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன்.